நாற்சந்தியில ஒரு ராத்திரி

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்ங்க. உங்க ஞாயிறு சினிமா பக்கத்துல பழைய வெளிநாட்டுப் படங்களுக்கும் கொஞ்சம் இடம் குடுங்கன்னு கேக்கத்தான் இந்த லெட்டர். 1932ல ழான் ரெனுவார் எடுத்த பிரெஞ்சு துப்பறியும் படம் ஒண்ணு, தமிழ்ல சொன்னா 'நாற்சந்தியில் ஒரு இரவு', போன வாரம் பார்த்தேன், இன்னும் மனசை விட்டுப் போகல. நாவலாசிரியர் சிமெனோன் எழுதுன துப்பறியும் இன்ஸ்பெக்டர் மெக்ரே முதமுதலா திரைக்கு வந்தது இதுலதான், நடிச்சவரு டைரக்டரோட சொந்த அண்ணன் பியர் ரெனுவார். இன்சூரன்ஸ் ஏஜெண்ட் ஒருத்தரோட புது கார் காணாமப்போயி பக்கத்து வீட்டு ஷெட்டுல நிக்குது, உள்ளார ஒரு வைர வியாபாரியோட பொணம்!

கதைய விட அந்த இருட்டும் பனியும்தாங்க படமே. ராத்திரி கார் சேஸிங்ல கேமராவ கார்லயே வெச்சு எடுத்திருக்காங்க, ஹெட்லைட் வெளிச்சம் படுற ரோடு மட்டுந்தான் தெரியும், மார்கழில ஏற்காடு கொண்டை ஊசி வளைவுல மூடுபனிக்குள்ள எறங்குனவங்களுக்கு அந்த பயம் நல்லாவே புரியும். தமிழ்ல முதல் பேசும்படம் 'காளிதாஸ்' வந்து ஒரு வருஷம்கூட ஆகல, சினிமா பேசவே பழகிட்டிருந்த காலம், அப்பவே வண்டிச் சத்தத்தையும் துப்பாக்கிச் சத்தத்தையும் வெச்சு இப்படி மெரட்டியிருக்காங்க.

மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டுடியோ இருந்த ஊருங்க எங்க சேலம், 1950ல 'திகம்பர சாமியார்'ங்கற துப்பறியும் படம் எடுத்த ஊரு. இங்க இந்தப் படத்தையெல்லாம் தமிழ் சப்டைட்டிலோட ஒரு தடவையாவது பெரிய திரையில போடணும், நீங்க எழுதுனா யாராவது முன்வருவாங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகர், அஸ்தம்பட்டி, சேலம்