கொப்புளிப்பான் ஊசி சின்னப் பிள்ளைகளுக்கு மட்டுமா?

ஆசிரியருக்கு,

எங்கள் மாடிக் குடியிருப்பில் இப்போது கொப்புளிப்பான் (சிக்கன் பொக்ஸ்) வந்த இரண்டு வீட்டு வாசலில் வேப்பிலை தொங்குகிறது. அதைக் குறை சொல்லவில்லை, ஆட்களைத் தள்ளி நிற்கச் சொல்ல நல்ல வழக்கம்தான். ஆனால் கொப்புளிப்பான் கொப்புளம் எழும்புவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே தொற்றத் தொடங்கிவிடும், அதனால் வேப்பிலை கட்டுகிற நேரத்தில் ரியூஷனில் பக்கத்து வாங்கில் இருந்த பிள்ளையும் லிஃப்டில் கூட வந்த கர்ப்பிணியும் ஏற்கனவே வாங்கியிருப்பார்கள்.

ஊசி போடவில்லையா என்று கேட்டால் "அவனுக்கு எல்லாம் போட்டாச்சு" என்கிறார்கள். ஒன்பது மாதத்திலும் மூன்று வயதிலும் போடுவது எம்எம்ஆர். அது சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா மூன்றுக்கும்தான். கொப்புளிப்பான் ஊசி அரசாங்க அட்டவணையில் இல்லை, தனியாரிடம் காசு கொடுத்துத்தான் போட வேண்டும். ஒரு வயது தாண்டிய பிள்ளைக்கு இரண்டு தடவை.

சரி, பிள்ளைகளை விடுங்கள், அவர்களில் அநேகம் பேர் சொறிந்து அழுது ஒரு கிழமையில் எழும்பி விடுவார்கள். எனக்குக் கவலை இதுவரை வராத பெரியவர்களைப் பற்றித்தான். நம்மைப் போன்ற வெப்ப நாடுகளில் இது வளர்ந்தவர்களுக்கும் நிறைய வருகிறது, வந்தால் நிமோனியா வரை போகலாம். கர்ப்பத்தின் முதல் இருபது வாரத்தில் வந்தால் அரிதாக என்றாலும் வயிற்றுப் பிள்ளைக்கு ஊனம் வரலாம், பிரசவத்தை ஒட்டி வந்தால் பிறக்கிற பிள்ளையின் உயிருக்கே ஆபத்து. அந்த நேரம் ஊசிக்கு ஓடியும் பிரயோசனமில்லை, அதில் இருப்பது பலவீனப்படுத்திய உயிருள்ள கிருமி என்பதால் கர்ப்பிணிக்குப் போட மாட்டார்கள். கருத்தரிக்க ஒரு மாதமாவது முன்னதாகப் போட்டு முடித்திருக்க வேண்டும், பெரியவர்களுக்கு இரண்டு ஊசிக்கும் இடையில் குறைந்தது நாலு கிழமை இடைவெளியும் வேண்டும். கலியாணம் என்றால் மண்டபம், கூறைச் சேலை, தாலிக்கொடி எத்தனை பவுண் என்று ஆறு மாதம் முதலே ஓடுகிற நாங்கள், பெண்ணுக்குச் சின்ன வயதில் கொப்புளிப்பான் வந்ததா என்று தாயிடம் ஒரு வார்த்தை கேட்பதில்லை! வந்திருந்தால் ஊசி தேவையில்லை. நினைவில்லை என்றால் இரத்தம் சோதிக்கலாம், சோதிக்காமல் போட்டாலும் கெடுதி இல்லை.

புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்கள், எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து எடுப்பவர்களுக்கும் பொதுவாக இந்த ஊசி கூடாது, ஆகவே அந்த வீட்டில் கூட இருப்பவர்கள்தான் போட்டுக்கொள்ள வேண்டும். கொப்புளிப்பான் வந்தவரோடு பழகிவிட்டால்கூட மூன்று நாளுக்குள், பிந்தினால் ஐந்து நாளுக்குள் போட்டால் தடுக்கவோ கடுமையைக் குறைக்கவோ வாய்ப்புண்டு. பார்மசியில் களிம்பு வாங்க நிற்கிற நேரத்தில் அதை ஒரு டொக்டரிடம் கேட்கலாம்.

தனியார் ஆஸ்பத்திரிகளும் பிள்ளைப் பராமரிப்பு நிலையங்களும் வேலைக்கு ஆள் எடுக்கும்போதே கொப்புளிப்பான் வந்ததா என்று கேட்டு, வராதவர்களுக்குத் தங்கள் செலவில் போட்டுவிட்டால் என்ன? சம்பளத்தில் கழிக்காமல்.

வாசகி ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06