நிறம் போனால் போதுமா? மின்வேதி இயந்திரம் கேட்கும் சாயப்பட்டறைகளுக்கு ஒரு மடல்

மதிப்பிற்குரிய சாயப்பட்டறை உரிமையாளர்களுக்கு,

வணக்கம். சாயக்கழிவுநீரை மின்சாரம் பாய்ச்சிச் சுத்தம் செய்யும் இயந்திரம் பற்றி நிறையப் பேர் விசாரிக்கிறீர்கள். பலர் கைபேசியில் ஒரு வீடியோவைக் காட்டுகிறீர்கள்: கருஞ்சிவப்புத் தண்ணீர், கரண்ட் கொடுத்ததும் சில நிமிடங்களில் தெளிந்துவிடுகிறது. அது உண்மையிலேயே நடக்கும். தெளிந்த பிறகு அந்தத் தண்ணீரில் என்ன மிச்சம் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு நீங்கள் வாங்க வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறோம்.

ஒரே பெயரில் இரண்டு வேறு முறைகள் விற்கப்படுகின்றன. ஒன்று மின்திரட்டல். இதில் இரும்பு அல்லது அலுமினியத் தகடே கரைந்து, கலங்கல் தண்ணீரில் படிகாரம் போட்டதுபோலச் சாயத்தைத் திரட்டுகிறது. ஓர் ஆம்பியர் மின்னோட்டம் ஒரு மணி நேரம் ஓடினால் சுமார் 1.04 கிராம் இரும்பு கரையும். அலுமினியம் என்றால் 0.34 கிராம். கரைந்ததெல்லாம் கசடாக உங்கள் தலையில்தான் விழும். ஆகவே கசடே வராது என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். பாலியஸ்டருக்குப் போடும் டிஸ்பர்ஸ் சாயம் துகளாக மிதப்பதால் இதில் நன்றாகத் திரளும். பருத்திக்கான ரியாக்டிவ் சாயம் முழுக்கக் கரைந்து நிற்பது. அவ்வளவு சுலபமாகச் சிக்காது.

பனியன் துணிக்கு அதிகம் பேசப்படுவது இரண்டாவது முறையான மின் ஆக்சிஜனேற்றம். டைட்டேனியத் தகட்டில் ருத்தேனியம், இரிடியம் ஆக்சைடு பூசியிருப்போம். சாயம் ஏறுவதற்காக நீங்கள் கொட்டும் சாதா உப்பிலிருந்தே குளோரின் பிறந்து, சாய மூலக்கூறை உடைக்கிறது. அஸோ சாயங்களில் இரண்டு நைட்ரஜன் அணுக்களை இணைக்கும் பிணைப்பு அறுந்தாலே நிறம் போய்விடும். உடைந்த துண்டுகள் தண்ணீரிலேயே கிடக்கும். சில துண்டுகள் குளோரினோடு சேர்ந்து நச்சுப் பொருள்களாகவும் மாறலாம். எனவே எங்களிடமோ வேறு யாரிடமோ இயந்திரம் பார்க்கப் போனால், நிறத்தோடு நிறுத்தாமல் சி.ஓ.டி., அதாவது தண்ணீரில் மிச்சமிருக்கும் கரிமக் கழிவைக் காட்டும் அளவு, எவ்வளவு குறைந்தது என்று கேளுங்கள்.

கிளாபர் உப்பு, அதாவது சோடியம் சல்பேட் போடும் பட்டறைகளில் குளோரின் மிகக் குறைவாகவே பிறக்கும். அங்கே இதே தகடு மந்தமாகத்தான் வேலை செய்யும். போரான் கலந்த வைரப் பூச்சுத் தகடு அந்தத் தண்ணீரிலும் கரிமப் பொருளைக் கடைசி வரை எரிக்க வல்லது, ஆனால் விலை அதிகம். சிறு பட்டறைக்கு நாங்கள் இன்னும் பரிந்துரைப்பதில்லை.

உப்பைச் சவ்வால் பிரிக்கும் ஆர்.ஓ.வையும், மிஞ்சும் உப்புநீரை ஆவியாக்கும் எவாப்பரேட்டரையும் நிறுத்திவிடலாமா என்று கேட்கிறீர்கள். முடியாது. மேலே சொன்ன எந்த முறையும் உப்பை எடுக்காது. நொய்யல் கரைக் கிணறுகளையும் ஒரத்துப்பாளையம் அணைத் தண்ணீரையும் பாசனத்துக்கு ஆகாமல் செய்ததில் பெரும்பங்கு உப்புக்குத்தான். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூட உத்தரவிட்டது நம் எல்லோருக்கும் தெரியும். அந்த உப்பை மறுபடி ஆற்றுக்கு அனுப்பத் துணைபோகும் எதையும் நாங்கள் விற்க மாட்டோம். எங்கள் இயந்திரத்துக்கு இடம் ஆர்.ஓ.வுக்கு முன்னால். மிச்சக் குளோரின் ஆர்.ஓ. சவ்வை அரித்துவிடும், பயோ தொட்டிக்குப் போனால் நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும். அதனால் நடுவில் சோடியம் பைசல்ஃபைட் போட்டுக் குளோரினை அடக்கியே தீர வேண்டும்.

கரண்ட் பில் பற்றியும் சொல்ல வேண்டும். கரிமப் பொருள் குறையக் குறைய, பாயும் மின்சாரத்தில் பெரும்பகுதி வீணாகும். சி.ஓ.டி.யைக் கடைசிச் சொட்டு வரை இதிலேயே இறக்கப் பார்க்காதீர்கள். பாதி வேலையைப் பயோ தொட்டிக்கு விடுங்கள். துணியை அலசிய வாஷ் தண்ணீரையும் இதில் விட வேண்டாம். சாயம் ஏற்றிய தொட்டியில் மிஞ்சும் டை பாத் தண்ணீர் அளவில் குறைவு, உப்பும் சாயமும் பெரும்பாலும் அதில்தான். அதை மட்டும் தனிக் குழாயில் பிரித்தாலே செலவு வெகுவாக இறங்கும்.

இயந்திரம் வைக்கும் ஷெட் நாலாபுறமும் காற்றோட்டமாக இருக்கட்டும். எதிர்மின் தகட்டில் வருவது ஹைட்ரஜன் வாயு. காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே ஒரு பொறி பட்டால் தீப்பிடிக்கும். கூரைக்கடியில் தேங்க விடக் கூடாது.

சோதனைக்குச் சாம்பிள் கொண்டுவருபவர்கள் டை பாத் தண்ணீரை ஒரு கேனிலும் வாஷ் தண்ணீரை இன்னொரு கேனிலும் தாருங்கள். எந்தச் சாயம், எந்த உப்பு என்பதைக் கேன்மேல் எழுதிவிடுங்கள். முன்னும் பின்னும் எடுத்த சி.ஓ.டி., டி.டி.எஸ். (கரைந்திருக்கும் உப்பின் அளவு), மிச்சக் குளோரின் அளவுகளோடு அறிக்கை தருகிறோம். உங்கள் தண்ணீருக்கு இது ஒத்துவராது என்றால் அதையும் அதிலேயே எழுதித் தருவோம்.

அன்புடன்,
உங்கள் மின்வேதிப் பட்டறையினர்,
திருப்பூர்