கனடா சாஸ்கட்டூன்ல இருந்து அம்மாவுக்கு

அம்மா,

நீ சொல்லச் சொல்ல செல்வி எழுதுன லெட்டர் வந்து மூணு வாரம் ஆச்சு, திட்டாத, நைட் ஷிப்ட் முடிஞ்சு வந்தா கண்ணு தானா சொருகிடுது. ஒடம்புக்கு ஒண்ணுமில்ல. குளிர் மைனஸ் 28, மூக்குக்குள்ள முடி உறைஞ்சு முள்ளு மாதிரி குத்தும், அவ்ளோதான். பஸ்ஸுல போறதில்ல, நடந்தே வர்றேன், நடக்குறது நல்லதுதானே. ரசம் நல்லாவே வைக்கிறேன், புளி வெல ஜாஸ்தி, எலுமிச்சம்பழத்த வச்சு ஒப்பேத்துறேன்.

காலைல 7 மணிக்கு வெளிய வந்தா கும்மிருட்டு. ஜனவரில சூரியன் வர்றதே 9 மணிக்கு மேலதான். அந்நேரத்துக்கு பக்கத்து வீட்டுத் தாத்தா பனியில மடக்கு சேர் போட்டு, ஒரு கையில பைனாகுலர் இன்னொரு கையில ஸ்டாப்வாட்ச்னு உக்காந்திருப்பாரு. சாட்டிலைட் பாக்குறாராம்! எது எந்த நட்சத்திரத்த ஒட்டி எத்தன மணி எத்தன செகண்டுக்குப் போச்சுன்னு நோட்டுல எழுதுறாரு, பென்சில்லதான், பேனா இந்தக் குளிருக்கு எழுதாது.

போன செவ்வாக்கெழம என்னையும் நிறுத்தி மேற்கால காட்டினாரு. ஒண்ணுமே இல்லாத எடத்துல பொசுக்குனு ஒரு வெளிச்சம், நம்ம விடிவெள்ளி கணக்கா, கிழக்க பாத்து விறுவிறுன்னு போவுது. பிளேன்னா லைட்டு மினுக்கும், இது மினுக்கல. பூமி நெழல்ல கெடந்தது வெளிய வந்து வெயில் பட்டதும்தான் தெரியுதாம். விண்வெளி நிலையம்மா அது, 400 கிலோமீட்டர் ஒசரத்துல, ஒன்றர மணி நேரத்துக்கு ஒரு சுத்து. விழுற நட்சத்திரம் இல்லன்னு தெரிஞ்சும் நீ சொல்ற மாதிரி பச்ச மரத்தத் தேடிட்டேன். எல்லாம் மொட்டையா நிக்குது, தெருக்கோடில ஒரு கிறிஸ்மஸ் மரம்தான் பச்ச.

அந்த நிலையத்துக்குள்ள வழக்கமா 7 பேரு இருப்பாங்களாம், ஆறு மாசம் போல ஆனா வீட்டுக்குத் திரும்பிடுவாங்களாம். எனக்கு ரெண்டு பொங்கல் போச்சு. கரண்டு போன ராத்திரில மொட்டமாடில பாய விரிச்சு நீ பன விசிறியால விசிறிக்கிட்டே... சரி விடு.

அந்த நிலையம் நம்ம ஊருக்கு மேல வர்ற நேரத்த செல்வி போன்லயே பாக்கலாம், நீயும் ஏறிப் பாரு, அப்பா படியேற வேணாம், முட்டி தாங்காது.

இந்த மாசப் பணம் பத்து நாள் பிந்தி வரும், இங்க ஏதோ லீவு. வளையல் அடகுக்கு இப்போதைக்கு வட்டிய மட்டும் கட்டி மாத்தி வை. மோட்டாருக்கு காயில் கட்ட சித்தப்பாகிட்ட கை நீட்டாத, அப்புறம் வரப்புத் தகராறுல வாயத் தொறக்க முடியாது. செல்விய பாக்க வர்றவங்ககிட்ட என் சம்பளத்தப் பெருசா சொல்லி வைக்காத.