சாட்சி மேடைக்குப் பக்கத்தில் ஒரு மேஜை போடுங்கள்

சுகமளிக்கும் கூட்டங்கள் நடத்தும் போதகர்மாருக்கும் ஊழியர்களுக்கும் கர்த்தருடைய நாமத்தில் ஸ்தோத்திரம்.

கன்வென்ஷன் என்கிற பெரிய ஜெபக் கூட்டங்களின் நாட்கள் வந்துவிட்டன. பாளையங்கோட்டையில் தொடங்கி நாசரேத் வரைக்கும் சுவர்களில் போஸ்டர் ஒட்டியாகிவிட்டது. குருடர் பார்வையடைகிறார்கள், சப்பாணிகள் நடக்கிறார்கள், தீராத வியாதிகள் தீருகின்றன, அனைவரும் வாரீர். அந்தப் போஸ்டரைப் பார்த்துவிட்டுத்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

நான் ஒரு மருத்துவமனையில் மாத்திரை கொடுக்கும் ஜன்னலுக்கு உள்ளே நிற்கிறவன், அதாவது பார்மசிஸ்ட். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சபைக்குப் போகிற குடும்பம் எங்களுடையது. கர்த்தர் இன்றைக்கும் சுகமாக்குகிறாரா என்று கேட்டால் ஆமாம் என்றுதான் சொல்வேன். அற்புதங்கள் அப்போஸ்தலரோடு முடிந்துவிட்டன என்று போதிக்கிற சபைகள் உண்டு. அந்த வாதத்தில் எனக்கு அவ்வளவு பிடிப்பு இல்லை. தேவன் எதை எப்போது நிறுத்தினார் என்று சொல்ல நாம் யார்? ஆனால் சுகமானேன் என்று ஜனங்கள் ஏறிச் சாட்சி சொல்லும் உங்கள் மேடையில் நடப்பதெல்லாம் அவர் செய்ததுதானா என்பது வேறு கேள்வி. அந்தக் கேள்விக்கு நீங்கள் இடமே கொடுப்பதில்லை என்பதுதான் என் வருத்தம்.

கூட்டம் முடிந்த மறுவாரத்திலிருந்து என் ஜன்னலில் சில முகங்களைக் காணாது. மாதம் தவறாமல் சீட்டோடு வருகிறவர்கள் அவர்கள். ஒரு அக்காவின் மகனுக்கு வலிப்பு உண்டு, பள்ளிக்கூடம் போகிற பையன். ரொம்ப நாள் கழித்து அந்த அக்காவைப் பேருந்து நிறுத்தத்தில் பார்த்து, "மாத்திரை வாங்க வரலியேக்கா?" என்று கேட்டேன். "அவனுக்குத்தான் சுகமாயிட்டுல்லா தம்பி. மேடையில ஏத்தி சாட்சியும் சொல்ல வச்சாங்க. இன்னும் மாத்திரை குடுத்தா அவிசுவாசம்லா" என்றார். முகத்தில் அத்தனை சந்தோஷம். நான் சொன்ன எதுவும் அவர் காதில் ஏறவில்லை. இரண்டு மாதம் வலிப்பு வரவில்லை என்பதும் உண்மைதான். அப்புறம் ஒருநாள் வகுப்பில் வந்தது, நிற்காமல் அடுத்தடுத்து வந்தது. அவசரப் பிரிவில் அவனை ஒருவழியாகப் பிழைக்க வைத்தார்கள். நரம்பு ஊசியும் ஆக்சிஜன் மாஸ்க்குமாகக் கிடந்த மகனுடைய கட்டிலின் பக்கத்தில் நின்றுகொண்டு அந்த அக்கா என்னிடம் கேட்ட கேள்வி இது: "நான்தான் விசுவாசத்தைக் காத்துக்கிடலையோ தம்பி?" ஜெபிக்க வந்த ஒரு ஊழியர் அப்படித்தான் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

பையன் மேடையில் சாட்சி சொன்ன வீடியோ இன்னமும் செல்போன்களில் சுற்றிக்கொண்டிருக்கிறது. அவசரப் பிரிவில் கிடந்ததை யாரும் வீடியோ எடுக்கவில்லை.

இதில் மர்மம் ஒன்றும் இல்லை. வலிப்பு தினமும் வருகிற நோய் அல்ல. மாத்திரையை நிறுத்தியும் சில வாரம், ஏன், சில மாதம்கூட வராமல் இருக்கலாம். ரத்தக் கொதிப்பு ஏறியிருந்தாலும் பலருக்கு உடம்பில் ஒன்றுமே தெரியாது. ஆகவே "நல்லா இருக்கேன்" என்று ஒருவர் சொல்வது அந்த நோய்க்குச் சாட்சியே ஆகாது. சர்க்கரையை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று நாள் உபவாச ஜெபத்தில் சாப்பிடாமல் இருந்தவருக்குச் சர்க்கரை இறங்கத்தான் செய்யும். அன்றைக்குப் பரிசோதித்து "நார்மல்" என்று சீட்டை மேடையில் தூக்கிக் காட்டினால், அது உபவாசம் முடிந்து பிரியாணிப் பொட்டலம் பிரிக்கிற வரைக்கும்தான். செயற்கை இதய வால்வு பொருத்தியவர்கள் ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறார்கள். நிறுத்தினால் அன்றைக்கே ஒன்றும் ஆகாது, ஆனால் வால்வில் ரத்தக்கட்டி சேரலாம், அது மூளைக்குப் போனால் பக்கவாதம். சிறுவயதிலிருந்து இன்சுலினில் வாழும் பிள்ளைகளுக்கோ அவ்வளவு அவகாசமும் கிடையாது. நிறுத்திய சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்து வந்துவிடும். மனநல மாத்திரைகளை நிறுத்தச் சொல்லி "பிசாசு போய்விட்டது" என்று அறிவிப்பதைப் பற்றித் தனியாகவே ஒரு மடல் எழுத வேண்டும்.

இதையெல்லாம் உங்களிடம் சொன்னால் "சந்தேகப் பேயை அப்பாலே போ என்று சொல்லுங்கள்" என்பீர்கள். சரி, வேதத்திலிருந்தே பேசுவோம். மத்தேயு 8-ஆம் அதிகாரத்தில் இயேசு குஷ்டரோகியைத் தொட்டுச் சுகமாக்குகிறார். அடுத்த வசனத்திலேயே, "இதை நீ ஒருவருக்கும் சொல்லாதபடி எச்சரிக்கையாயிரு, ஆயினும், அவர்களுக்குச் சாட்சியாக நீ போய் ஆசாரியனுக்கு உன்னைக் காண்பித்து" என்கிறார். முதலில் ஆசாரியனிடம் காட்டு, அதுவே சாட்சி, அதுவரைக்கும் வாயைத் திறக்காதே. குஷ்டரோகம் இருக்கிறது, இல்லை என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் அந்தக் காலத்தில் ஆசாரியனிடம்தான் இருந்தது. லேவியராகமம் 14-இல் முறை இருக்கிறது: ஆசாரியன் பாளயத்துக்குப் புறம்பே வந்து பார்க்க வேண்டும், அவன் பார்த்த பிறகும் அந்த மனுஷன் ஏழுநாள் தன் கூடாரத்துக்கு வெளியே தங்க வேண்டும். தம்முடைய வல்லமையில் இயேசுவுக்குச் சந்தேகமா இருந்தது? இல்லையே. ஆனாலும் பரிசோதனைக்கு அனுப்பினார். பத்து குஷ்டரோகிகளுக்கும் லூக்கா 17-இல் அதே கட்டளைதான். நீங்களோ ஏழு நிமிடத்தில் மைக்கைக் கையில் கொடுத்துவிடுகிறீர்கள்.

யோவான் 9-இல் பிறவிக் குருடன் பார்வையடைந்ததும் யூத மதத் தலைவர்களான பரிசேயர் அவனை இரண்டு முறை விசாரிக்கிறார்கள். பெற்றோரைக் கூப்பிட்டு, இவன் உங்கள் குமாரன்தானா, குருடனாய்ப் பிறந்தது உண்மையா என்று கேட்கிறார்கள். கெட்ட எண்ணத்தோடு செய்த விசாரணைதான், இருந்தும் அந்த அற்புதம் அதைத் தாங்கியது. உண்மையான சுகத்துக்கு விசாரணையால் ஒரு சேதமும் வராது.

சபைச் சரித்திரத்திலும் இதற்கு முன்மாதிரி உண்டு. வட ஆப்பிரிக்காவில் ஹிப்போ பட்டணத்து பிஷப்பாக இருந்த அகஸ்டின் ஆரம்பத்தில் அப்போஸ்தலர் காலத்து அற்புதங்கள் இப்போது நடப்பதில்லை என்று எழுதியவர். பிற்காலத்தில் தன் சபையிலேயே சுகமானவர்களைக் கண்டு மனம் மாறினார். அப்போது அவர் செய்ததைக் கவனியுங்கள். சுகமானவர்களிடம் நடந்ததை எழுத்தில் வாங்கி சபையில் வாசிக்கச் செய்தார். இரண்டு வருடத்துக்குள் எழுபது எழுத்துச் சாட்சிகள் வரை சேர்ந்தன. கார்த்தேஜில் இன்னொசென்ஷியா என்ற பெண்ணுக்கு மார்பகப் புற்றுநோய் குணமானதை அவரே பதிவு செய்திருக்கிறார். தீராது என்று முதலில் சொன்ன அதே மருத்துவர் திரும்பப் பரிசோதித்துவிட்டு, என்ன மருந்து சாப்பிட்டாய் என்று கேட்கிறார். முன்னே பார்த்தவரே பின்னேயும் பார்த்திருக்கிறார்! ஆயிரத்து அறுநூறு வருடத்துக்கு முன்னால் அது முடிந்தது. எம்.ஆர்.ஐ. ஸ்கேன் இருக்கிற காலத்தில் நமக்கு முடியாதா?

கத்தோலிக்கர்களைப் பற்றிப் பேசினால் உங்களில் பலருக்குப் பிடிக்காது. இருந்தாலும் சொல்கிறேன். பிரான்சில் லூர்து மாதா திருத்தலத்தில் 1883 முதல் ஒரு மருத்துவ அலுவலகம் இயங்குகிறது. சுகமானேன் என்று சொல்பவர் பழைய மருத்துவ ஆவணங்களோடு வர வேண்டும். நோய் கடுமையானதா, சட்டென்று குணமானதா, முழுசாகப் போனதா, திரும்பாமல் நிலைத்ததா, செய்த வைத்தியம் ஏதாவது அதை விளக்குமா என்று மருத்துவர்கள் துருவுகிறார்கள். அந்த மருத்துவர்கள் கத்தோலிக்கராக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. பதிவானவை ஏழாயிரத்துக்கும் மேல், அற்புதம் என்று திருச்சபை அறிவித்தவை 2025 வரை 72. முதுகுத்தண்டு நரம்புப் பாதிப்பால் பல வருடம் அவதிப்பட்ட அருட்சகோதரி பெர்னதெத் மோரியோ 2008-இல் சுகமானார். அது அற்புதம் என்று ஆயர் அறிவித்தது 2018-இல். பத்து வருடம் பொறுத்திருந்தார்கள். மாதா வணக்கம் பற்றி நமக்கு ஆயிரம் கருத்து வேறுபாடு இருக்கட்டும். இந்தப் பொறுமையில் என்ன குற்றம் காண்பீர்கள்?

பொறுமை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் சரித்திரம் இருக்கிறது. 1970-களில் அமெரிக்காவில் கேத்ரின் கூல்மன் என்ற அம்மையாரின் கூட்டங்களுக்கு அரங்கம் கொள்ளாத ஜனம். வில்லியம் நோலன் என்ற அறுவை மருத்துவர், சக்கர நாற்காலிகளைத் தள்ளும் வாலண்டியராகவே அதில் ஒன்றுக்குப் போய், சுகமானோம் என்று சொன்னவர்களில் 23 பேரைப் பின்தொடர்ந்து விசாரித்தார். ஒருவரும் குணமாகியிருக்கவில்லை. முதுகெலும்பில் புற்று பரவியிருந்த ஒரு பெண் மேடையில் இடுப்புப் பட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடிக் காட்டினார். மறுநாள் அவருடைய முதுகெலும்பு நொறுங்கியது. சில மாதத்தில் இறந்துபோனார். கூல்மன் அம்மையார் ஏமாற்றுக்காரர் என்று நோலன் சொல்லவில்லை. அவர் மனதார நம்பினார் என்றே சொன்னார். எனக்குப் பயமாக இருப்பதும் இந்த இடம்தான். பீட்டர் போபோஃப் என்ற அமெரிக்கப் பிரசங்கியார் மாதிரி காதில் கருவி மாட்டிக்கொண்டு, ஜெபக் குறிப்புச் சீட்டுகளை மனைவி ரேடியோவில் வாசிக்க வாசிக்க, "ஆண்டவர் எனக்கு வெளிப்படுத்துகிறார்" என்று நாடகமாடி 1986-இல் மாட்டிக்கொண்டவர்களைத் தள்ளிவிடலாம். உங்களில் பெரும்பாலோர் அப்படிப்பட்டவர்கள் அல்ல. நீங்கள் உண்மையாகவே கண்ணீரோடு ஜெபிக்கிறீர்கள். ஆனால் மனதார நம்பி அறிவித்தாலும் அந்தப் பெண்ணின் முதுகெலும்பு நொறுங்கத்தான் செய்தது.

அடுத்து, சுகமாகாதவர்கள். மைதானத்தின் ஓரத்தில் சக்கர நாற்காலிகள் வரிசையாக நிற்கும். தலைவலி, மூட்டுவலி, தோள்வலிக்காரர்கள் மேடை ஏறி இறங்குவார்கள். அந்தச் சக்கர நாற்காலி வரிசை கூட்டம் முடிகிற வரைக்கும் அப்படியேதான் நிற்கும். பந்தல் விளக்கு அணைந்ததும் அண்ணனோ மாமாவோ தள்ளிக்கொண்டு வேனுக்குப் போவார்கள். அவர்களிடம் என்ன சொல்கிறீர்கள்? "விசுவாசம் போதவில்லை" என்று சொல்கிறீர்கள், அல்லது குடும்பத்தில் சாபக்கட்டு இருக்கிறது என்று இன்னொரு உபவாசத்துக்குத் தேதி கொடுக்கிறீர்கள்.

அப்போஸ்தலனாகிய பவுல் தம்மோடு ஊழியம் செய்த துரோப்பீமுவை மிலேத்து பட்டணத்தில் வியாதியுள்ளவனாக விட்டுவந்தார். துரோப்பீமுவுக்கு விசுவாசம் இல்லை என்று எங்கேயாவது எழுதியிருக்கிறாரா? தீமோத்தேயுவின் வயிற்றுக்குக் கொஞ்சம் திராட்சரசம் கூட்டிக்கொள்ளச் சொன்னார், அதுவும் மருந்துதானே? தன்னுடைய மாம்சத்தின் முள்ளுக்காக மூன்றுதரம் வேண்டியும் அது நீங்கவில்லை. நம் பக்கத்திலேயே பாருங்கள். டோனாவூரில் பிள்ளைகள் இல்லம் நடத்திய மிஷனரி ஏமி கார்மைக்கேல் 1931-இல் விழுந்து அடிபட்ட பிறகு, 1951-இல் மரிக்கும் வரை பெரும்பாலும் அறைக்குள்ளேயே கிடந்தார். அவருக்காக அங்கே ஜெபிக்காத பிள்ளை இருந்திருக்குமா? வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் டாக்டர் மேரி வர்கீஸ் 1954-இல் விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்விழந்தார். எழுந்து நடக்கவில்லை. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் மடங்கிப்போன கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார், பிறகு நியூயார்க்குக்குப் போய்ப் படித்துவந்து மறுவாழ்வுத் துறையையே கட்டி எழுப்பினார். இவர்களையும் விசுவாசம் குறைந்தவர்கள் என்று சொல்வீர்களோ?

அந்தக் கை அறுவையை வேலூரில் உருவாக்கியவர் பால் பிராண்ட். கொல்லிமலையில் பிறந்த மிஷனரி பிள்ளை அவர். வேலை செய்கிற தசைநாரை இடம் மாற்றித் தைத்து, நகம்போல் வளைந்துபோன விரல்களை விரிய வைத்தார். பிற்பாடு 1980-களில் கூட்டு மருந்துச் சிகிச்சை வந்து நோயே தீரக்கூடியதாகிவிட்டது. வேதத்தில் குஷ்டரோகம் என்று வாசிக்கும்போது நம் நினைவுக்கு வருகிற நோய்க்குத்தான் இதுவும். இதைச் சாட்சி நேரத்தில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. கீமோ முடித்து நலமானவர் மேடை ஏறினால் கீமோவைப் பற்றி ஒரு வார்த்தை வராது. ஆஸ்பத்திரியில் டாக்டர் கைவிட்டார் என்பது மட்டும் தவறாமல் வரும்.

யாக்கோபு 5-ஐ நீங்கள் அடிக்கடி எடுக்கிறீர்கள். அதில் வியாதிக்காரன் மைதானத்துக்கு வருவதில்லை. அவன் மூப்பர்களை வரவழைக்கிறான், அவர்கள் அவனிடம் போய் எண்ணெய் பூசி ஜெபிக்கிறார்கள். லைட், கேமரா, காணிக்கைப் பை எதுவும் அந்த வசனத்தில் இல்லை. வீட்டுக்குப் போய் ஜெபித்தால், அவன் என்ன மாத்திரை சாப்பிடுகிறான் என்பதாவது உங்கள் கண்ணில் படும்.

கூட்டங்களை நிறுத்துங்கள் என்று நான் கேட்கவில்லை. மேடை ஏறும் படிக்கட்டுப் பக்கத்தில் ஒரு மேஜை போடுங்கள். ஒரு டாக்டரோ நர்ஸோ உட்காரட்டும். சாட்சி சொல்ல வருகிறவரிடம் என்ன நோய், எங்கே பார்த்தார்கள், ரிப்போர்ட் இருக்கிறதா என்று கேட்டு எழுதிக்கொள்ளட்டும். பார்த்த டாக்டரிடமே திரும்பிப் போய்க் காட்டிவிட்டு, ஆறு மாதமாவது கழித்து, ரிப்போர்ட்டோடு வந்து சாட்சி சொல்லட்டும். அதற்குள் நோய் திரும்பியவர்களின் கணக்கையும் அதே மேடையில் வாசியுங்கள். அந்த அக்கா மாதிரி ஒருவர் வந்து "என் மகனுக்குத் திரும்ப வந்துவிட்டது" என்று சொல்ல உங்கள் மைக் கிடைக்க வேண்டும். அப்புறம் ஒவ்வொரு இரவும் ஆசீர்வாதம் கூறும் முன்னால், "டாக்டர் சொல்லாமல் யாரும் மாத்திரையை நிறுத்தக் கூடாது" என்று பிரதான பிரசங்கியாரே தம் வாயால் சொல்ல வேண்டும். வாலண்டியர் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள்.

இந்த வருடக் கூட்டத்துக்கே இதைச் செய்யலாம். ரத்த அழுத்தக் கருவியும் சர்க்கரை பார்க்கும் மெஷினும் என்னிடம் இருக்கின்றன. என்னோடு வர இரண்டு நர்ஸ் அக்காமாரும் சம்மதித்திருக்கிறார்கள். எந்த ராத்திரி எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று மட்டும் சொல்லி அனுப்புங்கள்.

கர்த்தருக்குள் உங்கள் சகோதரன்,
மாத்திரை ஜன்னலிலிருந்து ஒரு விசுவாசி