நான்-ஸ்டிக் பாத்திரம்: நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். நான்-ஸ்டிக் பாத்திரத்தைக் கையில் எடுத்ததும் பலர் எங்களிடம் கேட்பது, "இது உடம்புக்குக் கெடுதலா?" என்றுதான். கடையில் கூட்டத்துக்கு நடுவே அவசரமாகச் சொல்லும் பதில் போதாது என்பதால் இந்த மடல்.

உணவு ஒட்டாமல் இருக்க இந்தப் பாத்திரங்களின் உள்ளே பெரும்பாலும் பூசப்படுவது பாலிடெட்ராஃபுளூரோஎத்திலீன். டெஃப்லான் என்பது அதன் வணிகப் பெயர். 1938இல் ராய் பிளங்கெட் என்ற வேதியியலாளர் குளிர்பதன வாயுக்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். ஒரு நாள் சிலிண்டரைத் திறந்தால் வாயு வரவில்லை, எடையும் குறையவில்லை. அறுத்துப் பார்த்தால் உள்ளே மெழுகு போல வழுக்கும் வெள்ளைத் தூள்! அதுதான் இந்தப் பொருள்.

இதில் கார்பன் அணுக்களின் நீண்ட சங்கிலியை ஃபுளூரின் அணுக்கள் சுற்றிலும் மூடியிருக்கின்றன. இந்தப் பிணைப்பு மிக உறுதியானது. அதனால்தான் எண்ணெய், தண்ணீர், கடும் அமிலம் எதுவும் இதை அசைப்பதில்லை. மின்கம்பி உறை, ரசாயன ஆலை வால்வுகளின் வாஷர், குழாய் மரையில் சுற்றும் வெள்ளை டேப் எல்லாம் இதே பொருள்தான். அந்த டேப்பில் பசை கிடையாது. மரையின் இடுக்கை நிரப்பித்தான் கசிவைத் தடுக்கிறது. மரை ஏறும் திசையிலேயே சுற்றுங்கள், மாற்றிச் சுற்றினால் முடுக்கும்போது பிரிந்துவிடும்.

சரி, எதிலும் ஒட்டாதது பாத்திரத்தில் மட்டும் எப்படி ஒட்டுகிறது? உலோகத்தைச் சொரசொரப்பாக்கி, அடிப்பூச்சு கொடுத்து, அதன்மேல் இதைப் பிடிக்கவைக்கிறார்கள். இரும்புக் கரண்டியால் சுரண்டினால் அந்தப் பிடிப்பு போய்விடும். மரக்கரண்டியே நல்லது.

உதிர்ந்த துணுக்கு தவறி வயிற்றுக்குள் போனாலும் செரிக்காமல் அப்படியே வெளியேறிவிடும். உண்மையில் பயப்பட வேண்டியது சூட்டுக்குத்தான். சுமார் 260 டிகிரி செல்சியஸ் வரை இது தாங்கும். அதைத் தாண்டினால் மெல்லச் சிதையத் தொடங்கும். 350ஐத் தாண்டினால் வேகமாகச் சிதைந்து நச்சுப் புகை வரும். அந்தப் புகையால் மனிதருக்குக் காய்ச்சல் போன்ற உபாதை வரலாம். வளர்ப்புப் பறவைகள் செத்தே போகும். வெறும் பாத்திரத்தைப் பெருந்தீயில் வைத்தால் சில நிமிடங்களிலேயே அந்தச் சூடு வந்துவிடும். தயவுசெய்து அப்படி வைக்காதீர்கள். பறவை வளர்ப்பவர்கள் கூண்டைச் சமையலறைக்குள் வைக்கவே வேண்டாம்.

அப்புறம், பலரும் கேட்கும் பிஎஃப்ஓஏ. அது இந்தப் பூச்சு அல்ல, முன்பு இதன் தயாரிப்பில் உதவிய வேறொரு ரசாயனம். அது கெடுதலானது என்பதில் சந்தேகமில்லை. அமெரிக்காவில் எட்டுப் பெரிய உற்பத்தியாளர்கள் 2015க்குள் அதைக் கைவிட ஒப்புக்கொண்டார்கள். அது இல்லாமல் செய்தவற்றையே கேட்டு வாங்குங்கள்.

உரிந்துபோன பாத்திரம் வீட்டில் இருந்தால் எடுத்து வாருங்கள். இன்னும் புழங்கலாமா, மாற்றிவிடலாமா என்று பார்த்துச் சொல்கிறோம்.

அன்புடன்,
உங்கள் பாத்திரக் கடையினர்