செப்டம்பரில் பிரிட்டன் போகிறவர்களுக்கு: தெரிந்த சொல், வேறு பொருள்

அன்புடையீர், வணக்கம்.

எங்கள் மையம் வழியாகச் செப்டம்பர் சேர்க்கைக்கு விண்ணப்பித்திருக்கும் மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் இந்த மடல். பல்கலைக்கழகக் கடிதத்தில் புரியாத சொல் வந்தால் யாரிடமாவது கேட்டுவிடுவீர்கள். புரிந்ததுபோலத் தோன்றும் சொல்லில்தான் பணமும் மாதங்களும் வீணாகின்றன.

முதலில் ஆஃபர், அதாவது இடம் தருவதாகப் பல்கலைக்கழகம் அனுப்பும் கடிதம். ‘கண்டிஷனல்’ என்றால் இடம் உண்டு. ஆனால் கடைசி செமஸ்டர் மதிப்பெண், ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வு என்று அதில் கேட்டிருப்பதை முடித்துக் காட்ட வேண்டும். முடித்தபின் வருவது ‘அன்கண்டிஷனல்’. அதை வைத்துக்கொண்டும் விசாவுக்குப் போக முடியாது. அதற்கு ‘காஸ்’ வேண்டும். கடிதம் என்று எல்லோரும் சொன்னாலும் காஸ் (CAS) என்பது உங்களைச் சேர்த்துக்கொண்டதற்குப் பல்கலைக்கழகம் தரும், கணினியில் பதிவாகும் ஒரு குறிப்பெண். கொடுத்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள், ஒரே ஒரு விண்ணப்பத்துக்குத்தான் செல்லும். வந்த அன்றே பெயர், பாஸ்போர்ட் எண், கட்டிய கட்டணம் மூன்றையும் சரிபாருங்கள். மதிப்பெண் பட்டியலில் ஒற்றை எழுத்தாக இருக்கும் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயராக விரிந்திருக்கும். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே காஸிலும் இருக்க வேண்டும். கட்டிய பணம் அதில் ஏறவில்லையென்றால் உடனே திருத்தச் சொல்லுங்கள். ஏறாத தொகைக்கு ரசீதைத் தனியாகக் காட்ட வேண்டிவரும்.

அடுத்தது ‘கிரெடிட்’. எங்களிடம் வரும் கேள்விகளில் பாதி இதைச் சுற்றித்தான். ஒரு கிரெடிட் என்பது பத்து மணி நேர உழைப்பு. 20 கிரெடிட் மாட்யூல், அதாவது பாடம், ஒன்றை எடுத்துப் பாருங்கள்: மொத்தம் 200 மணி. வாரம் மூன்று மணி வகுப்பு, 11 வாரம் என்றால் 33 மணிதான் ஆகிறது. மீதி 167 மணி நீங்களே படிக்கவும் எழுதவும் வேண்டியது. டைம்டேபிளில் இரண்டு நாள் காலியாக இருப்பது இதற்காக. அது விடுமுறை என்று நினைத்து வேலையால் நிரப்பியவர்கள் டிசம்பரில் தடுமாறுகிறார்கள்.

ஓராண்டு முதுகலைக்கு 180 கிரெடிட். வகுப்புகள் பெரும்பாலும் மே மாதத்தோடு முடிந்துவிடும். ஆனால் படிப்பு முடியவில்லை. வழக்கமாக 60 கிரெடிட், அதாவது 600 மணி, ‘டிசர்ட்டேஷன்’ என்ற ஆய்வேட்டுக்கு இருக்கிறது. அந்தக் கோடை மாதங்களும் முதுகலை மாணவருக்குப் படிப்புக் காலம்தான். ஆகவே படிப்புக் காலத்துக்கு விசா விதிக்கும் வாரம் 20 மணி நேர வேலை வரம்பு அப்போதும் உண்டு. வாரம் என்பது திங்கள் முதல் ஞாயிறு வரை. இந்த வாரம் 26, அடுத்த வாரம் 14 என்று சராசரி பார்க்கக் கூடாது; 26 மணி உழைத்த வாரமே விசா மீறல்.

மதிப்பெண்ணுக்கு வருவோம். பெற்றோர் இந்தப் பகுதியை நிதானமாகப் படிக்க வேண்டும். முதுகலையில் பெரும்பாலும் 50 பாஸ், 60 மெரிட், 70 டிஸ்டிங்ஷன். இளங்கலையில் 70ம் அதற்கு மேலும் ஃபர்ஸ்ட், அதாவது முதல் வகுப்பு. 60 முதல் 69 வரை ‘டூ ஒன்’, இரண்டாம் வகுப்பின் மேல்நிலை. 50 முதல் 59 வரை ‘டூ டூ’, அதன் கீழ்நிலை. 62 வாங்கிய பிள்ளையிடம் மீதி 38 எங்கே என்று கேட்காதீர்கள், அது நல்ல மதிப்பெண். கட்டுரைகளில் 80ஐத் தாண்டுவது அபூர்வம். 54 கொடுத்து, ஓரத்தில் ‘டூ டிஸ்கிரிப்டிவ்’ என்று எழுதியிருந்தால், நூலில் உள்ளதைச் சரியாகச் சொல்லிவிட்டாய், அதை எடைபோடவில்லை என்று பொருள். அடுத்த கட்டுரையில் பத்திக்கு ஓரிடத்திலாவது, இந்த வாதம் எங்கே நிற்கிறது, எங்கே நிற்கவில்லை, ஏன் என்று எழுதுங்கள். மனப்பாடத் திறமைக்கு அங்கே 50களைத் தாண்டி வழி இல்லை.

‘ரீசிட்’, அதாவது தோற்ற பாடத்தை மறுபடி எழுதுவது, நம் அரியர் மாதிரி அல்ல. எத்தனை முறை வேண்டுமானாலும் எழுத முடியாது. பெரும்பாலும் ஒரு வாய்ப்புதான். எவ்வளவு நன்றாக எழுதினாலும் பாஸ் மார்க்கோடு நிறுத்திவிடுவார்கள். உடம்பு சரியில்லை, வீட்டில் துக்கம் என்றால் ‘எக்ஸ்டென்யூவேட்டிங் சர்கம்ஸ்டன்சஸ்’ படிவத்தைச் சான்றோடு, கெடு முடிவதற்குள் கொடுங்கள். ரிசல்ட் வந்தபின் கொடுத்தால் ஏற்பது கடினம். லேப்டாப் கெட்டுப்போனதை வழக்கமாக ஏற்க மாட்டார்கள்.

பிறர் எழுத்தைத் தன்னுடையதாகக் காட்டும் ‘பிளேஜரிசம்’ பலருக்குத் தெரியும், ‘கொலூஷன்’ தெரிவதில்லை. தனியாக எழுத வேண்டியதை அறைத்தோழர்கள் சேர்ந்து எழுதுவதும், முடித்த கட்டுரையை நண்பனுக்குப் ‘பார்த்துக்கோடா’ என்று அனுப்புவதும் அதில் அடங்கும். கொடுத்தவரும் விசாரணைக்கு உள்ளாவார். உதவி கேட்கும் நண்பனுக்குப் படித்த நூல்களின் பட்டியலைக் கொடுங்கள், கட்டுரையைக் கொடுக்காதீர்கள். காசு வாங்கிக்கொண்டு கட்டுரை எழுதிக்கொடுப்பது இங்கிலாந்தில் 2022 முதல் சட்டப்படி குற்றம்.

சின்னச் சின்னச் சொற்கள் சில. ‘ஃபேகல்டி’ என்றால் ஆசிரியர்கள் அல்ல, துறைகளின் தொகுதி. ‘காலேஜ்’ என்றால் பொதுவாகப் பதினாறு வயதுக்கு மேல் பள்ளிப்படிப்பு முடிக்கும் இடம். ‘பர்சனல் ட்யூட்டர்’ டியூஷன் எடுப்பவர் அல்ல. உங்கள் படிப்பு முழுவதையும் கவனிக்க ஒதுக்கப்பட்ட பேராசிரியர். அவருக்கு முதல் மாதமே ஒரு மின்னஞ்சல் எழுதி அறிமுகமாகிவிடுங்கள். எடின்பரோ, கிளாஸ்கோ போன்ற ஸ்காட்லாந்துப் பழைய பல்கலைக்கழகங்களில் கலைப்பிரிவின் ‘எம்ஏ ஆனர்ஸ்’ நான்காண்டு இளங்கலைப் பட்டம். முதுகலை என்று எண்ணி விண்ணப்பித்துவிடாதீர்கள்.

வரும் வாரம் சரிபார்ப்புக்கு வரும்போது ஆஃபர் கடிதத்தை அச்செடுத்து, ஐயமுள்ள சொற்களை அடிக்கோடிட்டு எடுத்துவாருங்கள். தெளிவாகத் தெரியும் என்று நினைக்கும் சொற்களையும் சேர்த்தே கோடிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் ஆலோசனை மையத்தார்