செயலாளரின் ஆண்டறிக்கை: 2024–25

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

தெருவிளக்கு, குப்பை வண்டி, சந்தா பாக்கி எல்லாம் போன ஆண்டு இருந்த இடத்திலேயே இருக்கின்றன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் விரிவாகச் சொல்ல விரும்புவது, பொங்கலன்று நம் குளத்தங்கரையில் பறவை பார்க்கக் கூடியதைப் பற்றி.

பாலக்காடு மாவட்டத்துக்குப் பொங்கலன்று உள்ளூர் விடுமுறை என்பதால் அந்த நாளை வைத்தோம். கேரளம் என்றாலே பச்சை என்பவர்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வந்ததில்லை போலிருக்கிறது. பனையும் காய்ந்த மேடும்தான் இங்கே. பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிழக்கிலிருந்து அடிக்கும் காற்றில், கண்ணில் மண் விழுந்ததுதான் மிச்சம் என்று பலர் முணுமுணுத்தார்கள். இரவல் டெலஸ்கோப் சாயாமல் பிடித்துக்கொள்ளவே இரண்டு பேர் வேண்டியிருந்தது.

அப்புறம் யாரும் முணுமுணுக்கவில்லை. நடுக்குளத்தில் நீலச்சிறகி வாத்துகள். வட ஆசியக் குளிருக்குத் தப்பி வந்தவை. சில ஆண்களுக்குக் கண்ணுக்கு மேல் வெள்ளைப் பட்டை தெரிய ஆரம்பித்திருந்தது, விரலால் இழுத்த திருநீறு மாதிரி. சேற்றுப் பூனைப்பருந்து ஒன்று தாழப் பறந்து வந்ததும் மொத்தக் கூட்டமும் எழும்பி, ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி இறங்கியது.

ஆனால் பிள்ளைகள் மேற்குக் கரையை விட்டு நகரவில்லை. தண்ணீர் வற்றிய சேற்றில் உள்ளான் ஒன்று பின்பக்கத்தை ஆட்டி ஆட்டி நடந்தது. அலகைச் செருகிப் புழுவை இழுத்து விழுங்கியது. பக்கத்தில் நெடுங்கால் உள்ளான்களும் வாலாட்டிகளும். கொண்டுபோன வடையில் பாதி காக்கைக்குப் போனதையும் பதிவு செய்துவிடுகிறேன்.

தமிழ்நாட்டில் அதே நாட்களில் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. நாமும் நம் பட்டியலை, பறவைப் பதிவுகளைச் சேர்க்கும் இபேர்ட் இணையதளத்தில் ஏற்றினோம். மாநில எல்லையைத் தாண்டப் பறவைக்கு வேலந்தாவளம் செக்போஸ்ட் கிடையாதே!

சரி, இன்றைய தீர்மானத்துக்கு வருகிறேன். குளத்தின் நான்கு பக்கமும் கல் கட்டி நடைபாதை போடப் பஞ்சாயத்தைக் கேட்கலாம் என்கிறது அது. பெரியவர்களுக்கு நடக்க இடம் வேண்டும், நியாயம்தான். ஆனால் வாத்துக்கு நடுத்தண்ணீர் போதும். உள்ளானுக்கு ஓரத்துச் சேறு இல்லாமல் முடியாது. செங்குத்தாகச் சுவர் எழுப்பினால் தண்ணீர் வற்றும்போது அந்த ஓரமே இருக்காது. சாலையை ஒட்டிய கிழக்குக் கரையில் நடைபாதை போட்டால் நடப்பவர்களுக்குத் தாராளம், விளக்கும் அங்கேதான் இருக்கிறது.

ஆகவே ‘நான்கு கரையிலும்’ என்பதைக் ‘கிழக்குக் கரையில் மட்டும்’ என்று திருத்தி வாக்கெடுப்புக்கு விடுமாறு தலைவரைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்